ஸ்கேனில் தெரிந்த பிறகு மரபணுப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். மகனுக்கு இரண்டேகால் வயது. நன்றாக நடந்துகொண்டிருந்தவன் சில மாதங்களாகத் தடுமாறி விழுகிறான். இப்போது பிடிக்காமல் நிற்க முடியவில்லை. மூளையின் வெண்பகுதியில் இரு பக்கமும் கோடு கோடாக மாற்றம், பரம்பரை நோயாக இருக்கலாம் என்று எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் சொல்கிறது. மரபணுப் பரிசோதனையும் கேட்கிறார்கள். அவசியமா? நான் சொந்தத் தாய்மாமனைக் கட்டியவள். இப்போது இரண்டு மாதக் கர்ப்பம்.

பதில்: அவசியம்தான் அம்மா. இந்த வாரமே ரத்தம் கொடுத்துவிடுங்கள். அவசரப்படுத்துவது உங்கள் கர்ப்பத்துக்காகவும்தான்.

நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறை எங்கே பழுதாகியிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். அந்த இடமே பெரிய துப்பு. நெற்றிப் பக்கம் அதிகம் என்றால் அலெக்சாண்டர் நோயை நினைப்போம். பள்ளி வயதுப் பையனுக்கு மூளையின் பின்பகுதியில் என்றால் அட்ரினோலியூகோடிஸ்ட்ரோஃபி. உங்கள் மகனுக்கு இருப்பதுபோல் கோடுகள், கூடவே இந்த வயதில் நடை தளர்வது என்றால், மெட்டாகுரோமேட்டிக் லியூகோடிஸ்ட்ரோஃபியை (ஒரு என்சைம் குறைவால் மையலின் சிதையும் பரம்பரை நோய்) முதலில் தேடுவேன். ஆனால் கிராபே நோயிலும் இதே கோடுகள் வரலாம். ஆகவே ஸ்கேனை மட்டும் வைத்து நோயின் பெயரை முடிவு செய்ய முடியாது. ரத்தத்தில் அரைல்சல்ஃபடேஸ்-ஏ என்ற என்சைமைப் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான சிலருக்கும் இது குறைவாக இருக்கும் என்பதால் சிறுநீரில் சல்ஃபடைடு (அந்த என்சைம் உடைக்க வேண்டிய கொழுப்புப் பொருள்) பரிசோதனையும் வேண்டும். அப்புறம் மரபணு. (ஒரு வயதுக்குள் எடுத்த ஸ்கேன் என்றால் மறுபடி எடுக்கச் சொல்லியிருப்பேன், மையலின் வளர்ச்சி 2 வயதை ஒட்டித்தான் பெரும்பாலும் நிறைவடைகிறது.)

இந்த நோய்தான் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு வரும் வாய்ப்பு 25 சதவீதம். நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்ப்பது வழக்கமாக 11 முதல் 13 வாரத்துக்குள். மகனின் மரபணுக் கோளாறு அதற்குள் தெரிந்திருந்தால்தான் கருவில் சரியாகத் தேட முடியும். மரபணு ரிப்போர்ட் வரவே சில வாரங்கள் ஆகும். தாமதமானால் 16 வாரத்தை ஒட்டிப் பனிக்குட நீரில் பார்க்கலாம்.

மகனைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். நடை இவ்வளவு தளர்ந்த பிறகு எலும்பு மஜ்ஜை மாற்றம் பலன் தருவதில்லை. 2020இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்ற மரபணு சிகிச்சையும், இந்த வயதில் தொடங்கும் வகைக்கு, அறிகுறி வருமுன் கொடுப்பதற்கானது. ஆனால் தசை இறுக்கம், வலி, விழுங்குவதில் சிரமம், வலிப்பு எல்லாவற்றுக்கும் மருத்துவம் உண்டு. பிசியோதெரபியை இப்போதே தொடங்குங்கள்.

தாய்மாமனைக் கட்டியதைச் சொல்லி யாரும் உங்களைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இது வருகிறது.

நிம்ஹான்ஸுக்கோ மரபணு ஆலோசனை உள்ள வேறு மருத்துவமனைக்கோ போகும்போது, ரிப்போர்ட்டோடு ஸ்கேன் சி.டி.யையும் எடுத்துப்போங்கள். படத்தை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். கணவரும் கூட வரட்டும். அவருடைய ரத்தமும் தேவைப்படும்.