கடின நீர்த் தொட்டிக்கு ஏற்ற முதல் மீன்கள்

வணக்கம். கடினமான ஆழ்துளைக் கிணற்று நீர் நிரப்பிய 2 அடித் தொட்டியில் கப்பிகளுடன் தங்கமீனையும் டைகர் பார்பையும் வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் தவிர்த்துவிடுங்கள், தங்கமீன் மிகுதியான கழிவை வெளியேற்றுவதோடு, வளர்ந்தபின் வாய்க்குள் அடங்கும் சிறு மீன்களை விழுங்கிவிடும், டைகர் பார்போ கப்பியின் நீண்ட வாலைக் கடித்துக் கிழித்துவிடும்.

கடின நீரை விரும்பும் கப்பியில் ஆண் மீன்களை மட்டும் 6 வாங்கினால், குஞ்சுகள் பெருகி இடம் போதாமல் போகாது. அடித்தளத்தில் மென்மணல் பரப்பி அடியில் இரை தேடும் சிறு கெளுத்தி வகையான கோரிடோராஸ் மீன்களில் 6 விடலாம். கூட்டமாக வாழும் இவற்றைத் தனியாக வளர்ப்பது, கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும், கொடுமை என்றே கருதுகிறேன்.

மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை, அதேபோல் நச்சான நைட்ரைட்டாகவும் பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருகப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும் என்பதால், சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆன பிறகே மீன்களைச் சிறுகச் சிறுக விடுங்கள்.