சொன்னது பலித்துவிட்டால் அவர் உண்மையான தீர்க்கதரிசியா?

பலிப்பது மட்டும் போதாது. ஒருவன் கர்த்தரின் பெயரில் சொன்னது நடக்காவிட்டால் அவனுக்குப் பயப்பட வேண்டாம் என்கிறது பைபிளின் உபாகமம் நூல், 18ஆம் அதிகாரம். ஆனால் அதே நூலின் 13ஆம் அதிகாரம் இன்னும் கறார்: சொன்ன அடையாளம் அப்படியே நடந்தாலும், வேறு தேவர்களிடம் கூப்பிடுகிறவன் பேச்சைக் கேட்காதே.

சரி, பலிக்கிறதா என்று காத்திருக்க நேரமில்லை என்றால்? பைபிளில் எரேமியா தீர்க்கதரிசியின் நூல், 28ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். யூதாவை ஆண்ட சிதேக்கியா ராஜாவின் 4ஆம் ஆண்டு. பாபிலோன் ராஜா கொண்டுபோன ஆலயப் பாத்திரங்கள் 2 ஆண்டுக்குள் திரும்பிவிடும் என்று எருசலேம் ஆலயத்தில் எல்லார் முன்பும் அறிவித்தான் கிபியோன் ஊர் அனனியா. பாபிலோனுக்குப் பணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தையும் எடுத்து உடைத்தான். இவனும் கர்த்தரின் பெயரில்தான் பேசினான், கவனியுங்கள்.

எரேமியா சண்டைக்குப் போகவில்லை. 'ஆமென், அப்படியே ஆகட்டும்' என்றார்! அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்: முன்னிருந்த தீர்க்கதரிசிகள் போரையும் பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் பற்றிச் சொன்னார்கள்; சமாதானம் சொல்கிறவனோ, அது நடந்த பிறகுதான் கர்த்தர் அனுப்பியவன் என்று தெரியும். ஜனங்கள் கேட்க ஆசைப்படுவதையே சொல்பவரிடம் கூடுதல் சந்தேகம் வேண்டும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அனனியா சொன்னது பலிக்கவில்லை. அவனே அதே ஆண்டு 7ஆம் மாதத்தில் இறந்தான். சிதேக்கியாவின் 11ஆம் ஆண்டில் பாபிலோன் படை எருசலேமைப் பிடித்தது.