வண்டியை அப்புறம் வாங்கலாம்

கேள்வி: நண்பர்கள் வீட்டு விருந்துகளில் நான் சுடும் கோழிக்கு நல்ல பெயர். வண்டியில் கரியடுப்பைப் பொருத்தி, வார நாளில் ஒரு அடுக்குமாடி புளோக், வார இறுதியில் இன்னொரு புளோக் என்று நகர்ந்து விற்க ஆசை. ஜோகூரில் வண்டிக்கு விலைகூடக் கேட்டுவிட்டேன். வாங்கலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: தம்பி, முன்பணம் கொடுக்காதீர்கள். இரவுச் சந்தைகளில் பல வருடம் கரியடுப்பு முன்னால் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் வண்டி இருந்தால் போதாது, இடத்துக்கு அனுமதி வேண்டும். தெரு வியாபாரிகளை 1960களின் கடைசியில் பதிவு செய்யத் தொடங்கி, 1986க்குள் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றிவிட்டார்கள். உரிமம் இல்லாமல் புளோக் அடியில் அடுப்பு மூட்டினால் அபராதம்தான். லாவ் பா சாட் உணவங்காடி பக்கத்தில் சாலையை மூடிச் சத்தே (குச்சியில் குத்திய இறைச்சி) சுடுகிறார்களே என்பீர்கள். அது அதற்கென்றே அனுமதி பெற்ற இடம்.

நகர்ந்து விற்க உங்களுக்கு ஏற்ற வழி பாசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை. சந்தை நடத்துபவரிடம் கடை எடுக்க வேண்டும். அனுமதி விவகாரம் சிங்கப்பூர் உணவு அமைப்பின் கையில். உணவுப் பாதுகாப்புப் பயிற்சியின் முதல் நிலையை இப்போதே முடித்து வையுங்கள். கேலாங் சிராய் ரமலான் சந்தையில் கூட்டம் அலைமோதும், வாடகையும் கண்ணைக் கட்டும். முதலில் ஈசூன், செம்பவாங் பக்கம் சின்னச் சந்தையாகப் பாருங்கள். கரிக்குச் சம்மதமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள், எல்லாரும் விடமாட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போய்ச் சுட்டுக்கொடுப்பது வேறு கணக்கு. அதற்குக் கேட்டரிங் உரிமமும் உரிமம் பெற்ற சமையற்கூடமும் வேண்டும், வீட்டுச் சமையலறை செல்லாது.

சரி, இனி அடுப்பு. வீட்டு விருந்தில் ஆட்கள் காத்திருப்பார்கள், சந்தையில் வரிசை நகரவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் கடை திறக்க முக்கால் மணி நேரம் முன்பே கரியை மூட்டி, மேலே சாம்பல் பூக்கும் வரை விடுங்கள். பிறகு கரியை ஒரு பக்கம் குவித்து, மறுபக்கத்தைக் காலியாக விடுங்கள். குவியலுக்கு மேல் தோலை முறுகவைத்துக் காலிப் பக்கம் தள்ளி மூடினால், உள்ளே நிதானமாக வேகும். கொழுப்பு சொட்டித் தீ குப்பென்று எழும்பும்போதும் இழுத்துவைக்க அந்த இடம்தான் கைகொடுக்கும். நெஞ்சுக்கறி வேண்டாம், சீக்கிரம் வறண்டுவிடும். தொடைக்கறிதான் தாங்கும். சர்க்கரையோ தேனோ மசாலாவில் சேர்க்காமல் கடைசியில் தடவுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வேகும் முன் வெளியே கருகிவிடும்.

நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு வெப்பமானி வாங்கி, தடிமனான இடத்தில் குத்தி 75 டிகிரி செல்சியஸ் காட்டுகிறதா என்று பாருங்கள். பச்சைக் கோழி 5 டிகிரிக்குக் கீழே ஐஸ் பெட்டியில் இருக்கட்டும். அதைத் தொட்ட இடுக்கி வெந்ததைத் தொடவே கூடாது. நம் ஊர் வெக்கையில் இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன், ஒரு குழந்தைக்கு வயிறு கெட்டாலும் மனசு தாங்காது.

முஸ்லிம் வாடிக்கையாளர்கள் ஹலாலா என்று கேட்பார்கள். கோழி வாங்கும் இடத்திலேயே சான்றிதழைப் பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் பெற்ற கோழி என்பது வேறு, சான்றிதழ் பெற்ற கடை என்பது வேறு. கேட்பவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அப்புறம், கடை மூடும்போது கரியைக் குப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள். வெளியே அணைந்த மாதிரி இருந்தாலும் உள்ளே கனல் இருக்கும். மூடியுள்ள இரும்பு டின்னில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, நன்றாக ஆறிய பிறகே கொட்டுங்கள்.