மாமாவின் ஆசையும் மகனின் அம்புக்குறிகளும்

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி, நான்காம் படிவத்தில் படிக்கும் மகனோடும் அவனுடைய தாய்மாமனோடும் சென்ற வாரம் என்னைக் காண வந்த அம்மாவுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் கவலையோடு நீட்டிய இயற்பியல் தாளில், 400 மீட்டர் ஓடுபாதையை 80 விநாடியில் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியவனின் சராசரி 'ஹலாஜு' (மலாயில் திசைவேகம்) சுழியம் என்று அவன் எழுதியிருந்தான். "ஓடியவனுக்குச் சுழியமா?" என்றார் மாமா. விடை சரிதான், ஐயா. ஓடியவனின் சராசரி வேகம் விநாடிக்கு 5 மீட்டர். திசைவேகமோ இடப்பெயர்ச்சியை, அதாவது தொடங்கிய இடத்துக்கும் முடித்த இடத்துக்கும் உள்ள நேர்த்தொலைவை, காலத்தால் வகுத்து வருவது, அதற்குத் திசையும் உண்டு. தொடங்கிய இடத்துக்கே திரும்பியவனுக்கு இடப்பெயர்ச்சி ஏது? தாளின் ஓரத்தில் உங்கள் மகன் அம்புக்குறிகளால் அதை வரைந்தும் காட்டியிருந்தான்.

இனி ஆறுதல் சொல்லிப் பயனில்லை. மாமா ஆசைப்படுகிறார் என்பதற்காக, உயிரியலை வேண்டாவெறுப்பாகப் படிக்கும் பிள்ளையைத் தனியார் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப, பல லட்சம் ரிங்கிட்டுக்காக உங்கள் ஊழியர் சேமநிதியில் கை வைக்காதீர்கள். 2016-க்குப் பின் அரசாங்க மருத்துவமனைகளில் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில்தான் சேர்க்கப்பட்டு வந்திருக்கிறார்கள் என்பதை மாமாவும் அறிய வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷனும் ஆறாம் படிவமும் நீங்கள் அறிந்தவையே.

நம் வீடுகளில் யாரும் பேசாத வழி கப்பல் அதிகாரிப் பணி. 12 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் வடக்கு நோக்கிச் செல்லும் கப்பலை 5 நாட் நீரோட்டம் கிழக்கே தள்ளினால், அது உண்மையில் 13 நாட் வேகத்தில், வடக்கிலிருந்து ஏறக்குறைய 23 பாகை கிழக்கே விலகிப் போகும். நேர் வடக்கே போக வேண்டுமானால் முகப்பை மேற்கே சுமார் 25 பாகை திருப்ப வேண்டும், அப்போது முன்னேறும் வேகம் 11 நாட்டுக்குச் சற்றுக் குறையும். கப்பலைச் செலுத்தும் அறையில் முறைப்பொறுப்பில் நிற்கும் அதிகாரிக்கு இந்தக் கணக்கு அன்றாட வேலை. ஃபெரி ஏன் துறைமேடையை நோக்காமல் சற்றுச் சாய்ந்தே வருகிறது என்று உங்கள் மகன் எனக்கு விளக்கியதும் இதே கணக்குத்தான்.

மலாக்காவிலுள்ள மலேசியக் கடல்சார் அகாடமியில் இதற்கான டிப்ளோமா இருக்கிறது. கப்பல் பணியாளர் பயிற்சிக்கான 1978-ஆம் ஆண்டின் அனைத்துலக ஒப்பந்தப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியில் சேர்ந்த கேடட், அதாவது பயிற்சி மாணவன், குறைந்தது 12 மாதம் கடலில் பணியாற்றிய பிறகே முறைப்பொறுப்பு அதிகாரிச் சான்றிதழுக்குத் தகுதி பெறுகிறான். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்க வேண்டும்; இதை அவனிடம் மறைக்காதீர்கள்.

விண்ணப்பிக்கும் முன் அவனது பார்வையையும் நிறம் பிரித்தறியும் திறனையும் மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் நிறக்குருடு இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். அடுத்த முறை அவனை மட்டும் அழைத்து வாருங்கள். மாமா இல்லாமல் அவன் ஆசையை அவன் வாயால் கேட்க விரும்புகிறேன்.