சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் புல்வெட்டிக்கு எந்த ஆயில், எந்தப் பெட்ரோல்?

கேட்டவர் சொன்னது இது: புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்துக்கு 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் புல்வெட்டி ஒன்று வாங்கியிருக்கிறார்கள். 98 ஆக்டேன் பெட்ரோல்தான் போட வேண்டும் என்கிறார் ஒருவர். பெட்ரோலோடு 2டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில், கலக்கச் சொல்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள். சிங்கப்பூரில் சாலையோரப் புல் வெட்டும் வேலைக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது எனக்கு. முதல் ஐந்து வருடம் மெஷினைத் தோளில் சுமந்தேன். இப்போது பட்டறையில் உட்கார்ந்து அதே மெஷின்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன்.

முதலில் இந்தக் கலப்பு விஷயம். டூ ஸ்ட்ரோக் புல்வெட்டி எஞ்சினில் ஆயிலுக்கென்று தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காப்பாற்றுகிறது. உங்கள் மெஷினில் ஆயிலுக்குத் தனி அறையும் தனி மூடியும் இருக்கின்றன, அதனால் டேங்கில் வெறும் பெட்ரோல் போதும். தெரியாமல் கலந்ததை ஊற்றிவிட்டால் புகை கிளம்பும், தீப்பொறி தரும் பிளக்கில் கரி பிடிக்கும். டேங்கைக் காலி செய்து, பிளக்கைத் துடைத்து, நல்ல பெட்ரோல் ஊற்றினால் தெளிந்துவிடும்.

இதுவே தலைகீழாக நடந்தால்தான் வினை. ஒருமுறை எங்கள் லாரியில் ஒரே மாதிரி இரண்டு கேன் இருந்தன. கலந்தது எது, கலக்காதது எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். புதிதாக வந்த பங்களாதேஷ் தம்பி வெறும் பெட்ரோலை டூ ஸ்ட்ரோக் மெஷினில் ஊற்றிவிட்டான். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு கீச்சுச் சத்தம், பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போனது. திட்டு வாங்கியது அவன், தப்பு என்னுடையது. அன்றைக்கே கலந்த கேன் முழுவதற்கும் சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். தமிழ், வங்காளம், சீனம் என்று ஆளுக்கொரு எழுத்து படிக்கிற கூட்டத்தில் பெயிண்டைத்தான் எல்லோரும் படிப்பார்கள். உங்கள் தோட்டத்தில் பழைய டூ ஸ்ட்ரோக் மெஷின் ஏதாவது இருந்தால் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

அடுத்தது ஆயில். என் கவனம் முழுக்க இதில்தான் இருக்கும். ஹோண்டா ஜிஎக்ஸ்35 மாதிரி எஞ்சினுக்கு மொத்தமே 100 மில்லி, ஒரு டீ கிளாஸ் அளவுதான். காரில் நாலு லிட்டர் செய்கிற வேலையை இந்த 100 மில்லி செய்கிறது, அதுவும் ஃபில்டர் இல்லாமல், காற்றில் மட்டுமே ஆறுகிற எஞ்சினில். அந்த ஹோண்டாவின் கையேட்டில் எஸ்ஏஇ 10டபிள்யூ-30 என்று இருக்கும், அதையே ஊற்றுங்கள். ஆயில் எவ்வளவு கெட்டி, எவ்வளவு மெல்லிசு என்று சொல்கிற எண் அது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சினாக இருந்தால், 27 டிகிரிக்கு மேல் 10டபிள்யூ-30 போட்டால் ஆயில் கூடுதலாகச் செலவாகலாம் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். நம் ஊரில் பகலில் 27 டிகிரிக்குக் கீழே இறங்க மழைதான் வர வேண்டும். அந்த எஞ்சினுக்கு வெறும் எஸ்ஏஇ 30 நல்லது. காருக்கு வாங்கி மிச்சமான 0டபிள்யூ-20 இருக்கிறதே என்று யாராவது நீட்டினால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். இந்தச் சூட்டுக்கு அது ரொம்ப மெல்லிசு.

ஆயில் குறைந்தால் எஞ்சின் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் தொல்லை என்பது பலருக்குத் தெரியாது. அதிகமான ஆயில் ஏர் ஃபில்டருக்கு ஏறி, வெள்ளைப் புகை கக்கும். 'மெஷின் போச்சு' என்று பட்டறைக்கு வருவதில் பல இந்தக் கேஸ்தான். சமதரையில் வைத்து அளவு பாருங்கள், சரிவில் வைத்துப் பார்த்தால் பொய் சொல்லும்.

ஜிஎக்ஸ்35க்கு முதல் 10 மணி நேரத்தில் ஒருமுறை, அப்புறம் 50 மணி நேரத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு கணக்கும் ஒன்றாகவே வரும்.

பெட்ரோலுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். ஆக்டேன் என்பது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண். அமெரிக்கக் கையேட்டில் 86 ஆக்டேன் என்று பார்த்துவிட்டுக் குழம்புவார்கள். அவர்கள் அளவிடும் முறை வேறு, அவர்களுடைய 86, 87 எல்லாம் ஏறக்குறைய நம் 91, 92. ஜிஎக்ஸ்35 பெட்ரோலையும் காற்றையும் அழுத்தும் விகிதம் எட்டுக்கு ஒன்றுதான், அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் 98 போட்டால் அதற்கு ஒரு லாபமும் இல்லை. 2021 பிப்ரவரியில் பெட்ரோல் வரி ஏறியபோது அந்த வரி மட்டுமே 98க்கு லிட்டருக்கு 79 காசு, மற்றதற்கு 66 காசு என்று ஆனது. அந்த 13 காசை மண்புழு உரத்துக்குச் செலவழிக்கலாம். 92 கிடைக்காவிட்டால் 95 போடுங்கள்.

பெட்ரோலுக்கென்று செய்த கலனில் கொஞ்சமாக வாங்குங்கள். அதைத் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் ஏறிவிடாதீர்கள், தீப்பற்றும் பொருளுக்கு அபராதம் 5,000 வெள்ளி வரை என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.

ஒரு மாதத்துக்கு மேலான பெட்ரோலை நான் மெஷினில் ஊற்றுவதில்லை. பழசானால், பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்ப்பரேட்டருக்குள் பிசினாகப் படியும், எத்தனை தரம் கயிற்றை இழுத்தாலும் எஞ்சின் முனகும், பிடிக்காது. சில வாரம் வெட்ட மாட்டோம் என்று தெரிந்தால் டேங்கைக் காலி செய்துவிட்டு, கார்ப்பரேட்டர் பக்கத்தில் இருக்கும் ரப்பர் குமிழை அதில் பெட்ரோல் தெரியாமல் போகும் வரை அமுக்கிவிட்டு மூடி வையுங்கள்.