பிரிண்ட் எப்படி?

மதுரையில் 1987 முதல் 2004 வரை வீடியோ கேசட் கடை வைத்திருந்தேன். கடைக்கு வருகிறவர்கள் படத்தின் பெயரைச் சொன்ன கையோடு, "பிரிண்ட் எப்படிண்ணே?" என்றுதான் கேட்பார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களிலும் பெரும்பாலும் அதே கேள்விதான்.

ஓய்வு பெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்: சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' டிவிடி இருபது வருடமாக என்னிடம் இருக்கிறது. போன மாதம் என் மகன் அதன் புதுப்பித்த ப்ளூரே வாங்கிக் கொடுத்தான். பழையதில் படம் பளிச்சென்று இருக்கும். புதியதில் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது, திரை முழுக்கப் பொடிப்பொடியாக ஏதோ அசைந்துகொண்டே இருக்கிறது. மகனிடம் சொல்ல மனம் வரவில்லை. எது சரியான பிரிண்ட்?

டீச்சர், என்னிடமும் இரண்டும் இருக்கின்றன. உங்கள் கடிதம் வந்த அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஒரே காட்சியை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மிட்டாய்க்காரர் தோளில் காவடி மாதிரி பானைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு போவார். பின்னாலேயே அக்கா துர்கா, தம்பி அப்பு, ஒரு நாய். அந்த ஊர்வலம் அப்படியே குளத்துத் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். பழைய டிவிடியில் குளம் ஒரே சாம்பல் பூச்சு, அதில் நான்கு கறுப்பு உருவங்கள் நகர்கின்றன. புதியதில் தண்ணீர் அசைவது தெரிகிறது. அந்த அசைவில் உருவங்கள் நெளிந்து மறுபடி சேர்வதும் தெரிகிறது. அடுத்து ரயில் காட்சிக்கு முன்னால் வரும் நாணல் காடு. பழையதில் வெள்ளை வெளேர் என்று ஒரு பரப்பு, அவ்வளவுதான். புதியதில் ஒவ்வொரு பூங்கொத்தும் தனித்தனியாகக் காற்றில் சாய்கிறது.

உங்களுக்குப் பளிச்சென்று தெரிந்ததற்குக் காரணம் இருக்கிறது. நெகட்டிவிலிருந்து பிரிண்ட், பிரிண்டிலிருந்து இன்னொரு நெகட்டிவ், அதிலிருந்து இன்னொரு பிரிண்ட் என்று பிரதி எடுக்க எடுக்க நடுவில் இருக்கும் சாம்பல் நிறங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போகும். வெள்ளை இன்னும் வெள்ளையாகும், கறுப்பு இன்னும் கறுப்பாகும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து தடித்துப் போகிறதே, அதே கதை. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு அப்போது 21 வயது. அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே கிடையாது. அவர் பாடுபட்டுப் பிடித்தது அந்த நடுச் சாம்பல்களைத்தான். பொடிப்பொடியாக அசைகிறது என்றீர்களே, அது ஃபிலிமில் இருக்கும் வெள்ளி உப்பு மணிகளால் வருவது. அந்த மணிகள் சேர்ந்துதான் முகமாகவும் மழையாகவும் தெரிகின்றன. அதைத் துடைத்தால் அப்புவின் கன்னம் மெழுகு பொம்மைக் கன்னமாகிவிடும். துடைக்காமல் விட்டவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இந்தப் படம் நம் கைக்கு வந்த கதையைக் கேட்டால் மகனிடம் நீங்களே சொல்லுவீர்கள். 1992-ல் ராய்க்குக் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது, சில வாரங்களிலேயே அவர் காலமானார். அவர் படங்களைப் பத்திரப்படுத்துவதற்காகக் கல்கத்தாவிலிருந்து நெகட்டிவ்களை லண்டனில் ஹெண்டர்சன் என்ற ஃபிலிம் லேபுக்கு அனுப்பினார்கள். 1993 ஜூலையில் அந்த லேப் தீப்பிடித்தது. எரிந்தது போக மிஞ்சிய சுருள்களை எதற்கும் உதவாது என்று கொட்டியிருக்கலாம். கொட்டவில்லை. அமெரிக்காவில் ஆஸ்கர் அகாடமியின் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பி, அங்கே இருபது வருடம் அப்படியே வைத்திருந்தார்கள். பிறகு பழைய படங்களை டிஸ்க்கில் வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் அவற்றை இத்தாலியில் பொலோன்யா நகரத்திலுள்ள லிம்மாஜினே ரித்ரோவாதா லேபுக்கு எடுத்துப் போனது. சுருங்கி முறுக்கிக்கொண்ட ஃபிலிமைக் கிளிசரால், அசிட்டோன், தண்ணீர் கலந்த கரைசலில் பதமாக்கினார்கள். உருகி ஒட்டிய டேப்பைச் சுரண்டி எடுத்தார்கள். கருகிப்போன ஓரத் துளைகளைக் கையாலேயே திரும்பக் கட்டினார்கள். கை வேலை மட்டும் ஏறக்குறைய 1000 மணி நேரம். 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 சதவீதமும், அதன் இரண்டாம் பாகமான 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே எடுக்க முடிந்தது. மூன்றாம் பாகமான 'அபுர் சன்சார்' நெகட்டிவில் மிஞ்சியது எதுவும் தேறவில்லை. அதை முழுக்கவும், மற்ற இரண்டில் விட்டுப்போன பகுதிகளையும் வேறு காப்பகங்களில் இருந்த நல்ல பிரதிகளிலிருந்து எடுத்தார்கள். 2015 மே மாதம் நியூயார்க்கில் மூன்று படங்களையும் திரையிட்டார்கள். இப்படிப் பல சுருள்களிலிருந்து சேர்த்ததால்தான் புதிய டிஸ்க்கில் ஒரு ஷாட் கண்ணாடி மாதிரியும் அடுத்த ஷாட் ஒரு சுற்று மென்மையாகவும் இருக்கும். அது கோளாறு இல்லை. அந்த இடத்தில் வேறு சுருள் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம்.

ஒரு வேலை செய்யுங்கள் டீச்சர். டிவி அமைப்பில் 'விவிட்' என்று இருந்தால் 'சினிமா' என்று மாற்றி, அறை விளக்கை அணைத்துவிட்டு, முதல் அரை மணி நேரம் பாருங்கள். அந்த மங்கல் தோற்றம் போய்விடும் என்று நம்புகிறேன்.

கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்: யூடியூபில் பழைய பாடல்களை '4கே' என்று போடுகிறார்களே, அப்புறம் டிஸ்க் எதற்கு?

தம்பி, டிவிடியில் ஒரு படச்சட்டத்துக்கு 720-க்கு 576 புள்ளிகள், அதாவது நாலு லட்சத்துச் சொச்சம். 4கே என்றால் 3840-க்கு 2160, ஏறக்குறைய 83 லட்சம். டிவிடியிலிருந்து 4கே செய்தால் ஒரு புள்ளி உண்மை, மீதிப் பத்தொன்பதும் கணினியின் ஊகம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஃப்ளெக்ஸ் பேனர் அடிப்பது மாதிரி. பேனர் பெரிதுதான், ஆனால் கண்ணிமையில் ஒரு முடிகூடக் கூடுதலாக வராது. இப்போது மென்பொருள் அந்த முடியை வரைந்தே கொடுத்துவிடுகிறது. அது அந்த நடிகையின் இமை அல்ல. '4கே' என்று பார்த்ததும் எந்தச் சுருளிலிருந்து எடுத்தார்கள் என்று தேடுங்கள். நெகட்டிவை ஸ்கேன் செய்தவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லியிருப்பார்கள்.

ஆர்மோனியக் கலைஞர், கும்பகோணம்: லண்டனிலிருந்து மாமா கொண்டுவந்த 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' டிவிடியில் பாடல்கள் சுருதி ஏறிக் கேட்கின்றன. ப்ளூரேயில் இறங்கியிருக்கிறது. ஆர்மோனியத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன், என் காது தப்பில்லை. ஏன்?

உங்கள் காதுக்கு ஒரு வணக்கம். சினிமா நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடும். இங்கிலாந்திலும் நம் நாட்டிலும் இருந்த பழைய டிவி முறையின் பெயர் 'பால்' (PAL), அதற்கு நொடிக்கு 25. கணக்குச் சரியாக வர, படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டி டிவிடி செய்துவிடுவார்கள். நூற்றுக்கு நாலு பங்கு வேகம். 174 நிமிடப் படம் 167 நிமிடத்தில் முடிந்துவிடும். வெட்டு எதுவும் இல்லை, ஓட்டம்தான். ஒலியும் கூடவே ஓடுவதால் ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக் கட்டையை நெருங்கும். சுருதியைத் திரும்ப இறக்கி வெளியிட்ட டிவிடிகளும் உண்டு, உங்களுடையது அப்படி இல்லை. ப்ளூரே 24-லேயே ஓடுகிறது. நீங்கள் கூடவே வாசித்துப் பழக ப்ளூரேதான் சரி.

வாசகர், திருநெல்வேலி: பழைய தமிழ்ப் படங்களை 'டிஜிட்டல் சினிமாஸ்கோப்' என்று மறுபடி வெளியிடுகிறார்கள். தியேட்டரில் திரை நிறையத் தெரிகிறது. வீட்டில் இருக்கும் விசிடியில் படம் சதுரமாக, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு இருக்கிறது. விசிடிக்காரன் படத்தை வெட்டிவிட்டானா?

வெட்டு நடந்தது தியேட்டர் பிரதியில்தான் ஐயா. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்திய தமிழ்ப் படம் ஒன்று ஸ்கோப் என்று விளம்பரம் செய்தால், படச்சட்டத்தை மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் காலத்துச் சட்டத்தில் உயரம் 1 என்றால் அகலம் 1.37. ஸ்கோப்பில் 2.35. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உயரத்தில் நூற்றுக்கு 42 பங்கு போய்விடும். ஒரு பரதநாட்டியக் காட்சியில் அது என்ன செய்யும் என்று யோசியுங்கள். முகம் இருந்தால் சலங்கை இருக்காது, சலங்கை இருந்தால் முகம் இருக்காது. அப்படி ஒரு காட்சியைத் தியேட்டரில் பார்த்துவிட்டு வந்து, அதே படத்தின் விசிடியைப் போட்டேன். பூசின மாதிரி மங்கிய படம்தான், ஒரு சட்டத்துக்கு ஒரு லட்சம் புள்ளிதான். ஆனால் ஜதிக்கு மிதிக்கும் கால் அதில் இருந்தது. அன்றைக்கு எனக்கு விசிடிதான் பெரிதாகப் பட்டது.

புதுப்பிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. 2012 மார்ச்சில் 'கர்ணன்' மறுபடி வந்தபோது, 1964-ல் அதைப் பார்த்தவர்கள் பேரன் பேத்திகளோடு வந்து உட்கார்ந்ததைப் பார்த்தவன் நான். பழைய படத்துக்குச் செலவு செய்தால் ஜனம் வரும் என்று தெரிந்ததே அப்போதுதான். அந்தச் செலவோடு சட்டத்தையும் அப்படியே விட்டுவிட்டால் போதும். அதே 2012-ல் கான் திரைப்பட விழாவில் 'கல்பனா' காட்டினார்கள். உதய் சங்கரின் நாட்டியப் படம், நம் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்து 1948-ல் வெளியானது. ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி தொடங்கிய உலக சினிமா அறக்கட்டளை, இத்தாலியின் அதே பொலோன்யா லேபில் புதுப்பித்தது. பழைய சட்டம் அப்படியே இருக்கிறது, விரலும் பாதமும் சேர்ந்தே தெரிகின்றன. சென்னையில் எடுத்த படத்துக்கு இத்தாலியில் கிடைத்த மரியாதை சென்னையிலும் கிடைக்க வேண்டும்.

வீட்டில் கறுப்புப் பட்டை உறுத்துகிறது என்று ரிமோட்டில் 'ஃபுல்' அமுக்கிவிடாதீர்கள். எல்லாருக்கும் கன்னம் வீங்கிவிடும்.

வாசகி, புதுச்சேரி: வோங் கார்-வாயின் 'இன் த மூட் ஃபார் லவ்' பழைய ப்ளூரேயில் ஒரு நிறம், புதுப்பித்ததில் பச்சை கலந்த வேறு நிறம். இயக்குநரே ஒப்புதல் கொடுத்தது என்கிறார்கள். அப்படியானால் புதியதுதான் சரியா?

இதற்கு நான் நிறைய யோசித்தேன். புதுப்பிப்பு அவர் மேற்பார்வையிலேயே நடந்தது. ஒரே ஆற்றில் யாரும் இரண்டு முறை இறங்க முடியாது என்ற பழைய வாக்கைச் சொல்லி, மாற்றங்களைத் தெரிந்தே செய்ததாக அவரே எழுதினார். 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' படத்தின் சட்டத்தையே ஸ்கோப் ஆக்கினார். படைத்தவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் 2000-ல் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தவர்களின் படமும் ஒரு படம்தானே? அதுவும் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும். புதியதை 'புதிய வடிவம்' என்று சொல்லி, பழையதையும் விற்பனையில் வைத்திருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. பழைய ப்ளூரேயை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் அம்மா.

வாசகர், காரைக்குடி: அப்பா சேர்த்து வைத்த வீடியோ கேசட்கள் இரண்டு அட்டைப் பெட்டி நிறைய இருக்கின்றன. பாதியில் பூஞ்சை. வீட்டுக்கு வெள்ளை அடிக்கப் போகிறோம். தூக்கிப் போடலாமா?

வேண்டாம் தம்பி. ஜெர்மானிய மௌனப் படம் 'மெட்ரோபொலிஸ்' 1927-ல் வந்தது. வெளியான கொஞ்ச நாளிலேயே வெட்டிச் சுருக்கிவிட்டார்கள், வெட்டிய பகுதிகள் தொலைந்தன. 2008-ல் அர்ஜென்டினாவின் புவேனஸ் ஐரிஸ் நகரத்துத் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஒரு 16 மில்லிமீட்டர் பிரதி கிடைத்தது. மழை பெய்கிற மாதிரி கோடு, ஓரமும் வெட்டுப்பட்டது. என் கடையில் அப்படி ஒரு பிரிண்டைக் கொடுத்திருந்தால் திட்டுத்தான் விழுந்திருக்கும். ஆனால் தொலைந்துபோன சுமார் 25 நிமிடம் அதில்தான் இருந்தது. 2010-ல் அதைச் சேர்த்து வெளியிட்டார்கள். கோடுகள் இன்றும் அப்படியே தெரிகின்றன.

நம் கேசட்களிலும் அப்படி இருக்கும். என்னிடம் உள்ள ஒரு ஐம்பதுகளின் தமிழ்ப் படக் கேசட்டில் கதாநாயகியின் தாலாட்டு ஒன்று முழுதாக இருக்கிறது. அதே படத்தின் விசிடியில், இரண்டு டிஸ்க்கில் அடக்குவதற்காக, அந்தப் பாட்டை எடுத்துவிட்டார்கள். இப்போது இணையத்தில் ஓடுவதும் விசிடியிலிருந்து எடுத்ததுதான். நான் தேடின வரையில் அந்தத் தாலாட்டு அந்தக் கேசட்டில் மட்டுமே இருக்கிறது.

பூஞ்சை பிடித்ததைத் தயவுசெய்து டெக்கில் போடாதீர்கள். ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். முதலில் நல்லது, கெட்டது என்று இரண்டாகப் பிரியுங்கள். நல்லதை ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றி, புத்தகம் மாதிரி நிமிர்த்தி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கெட்டதைத் தனியாகக் கட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், பதமாகச் சுத்தம் செய்து பிரதி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் அப்பா எழுதியிருக்கும் படப் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி இந்தப் பத்திரிகை முகவரிக்கு எனக்கு அனுப்புங்கள். எதை முதலில் பிரதி எடுக்க வேண்டும் என்று குறித்து, தபாலிலேயே திருப்பி அனுப்புகிறேன். வெள்ளை அடிக்கும் நாட்களில் பெட்டிகளைப் பக்கத்து வீட்டில் வையுங்கள், சுண்ணாம்புத் தூசி படக்கூடாது.