சிக்னலில் இறங்கும் ஆயில் பிரஷர்: ஆயிலை மாற்றினால் சரியாகுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். அப்பா ஓட்டிய 1985 அம்பாசடர், பெட்ரோல், 1489 சிசி. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஆயில் மீட்டர் 60 காட்டுகிறது, ரோட்டில் 45. ஆனால் புதுச்சேரிக்கு ஓட்டிப்போய் இந்திரா காந்தி சிலை சிக்னலில் நின்றால் 12-க்கு வந்துவிடுகிறது. மெக்கானிக் 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்கிறார், மச்சான் ஃபுல் சிந்தெடிக் 5டபிள்யூ-30தான் பெஸ்ட் என்கிறார். எதைப் போடுவது?

பதில்: மெக்கானிக் சொன்னதைப் போடுங்கள். ஆனால் 12-ஐ 20 ஆக்குவதற்காக என்று நினைத்துப் போடாதீர்கள், ஏனென்றால் அந்த 12 இன்னும் நோய் இல்லை. உங்கள் வண்டியில் இருப்பது பிரிட்டிஷ் பிஎம்சி கம்பெனியின் பி சீரிஸ் எஞ்சின். 1950-களில் எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் வந்ததும் இதே 1489 சிசி குடும்பம்தான். அதற்குக் கொடுத்த அளவு வண்டி ஓடும்போது 30 முதல் 80 பிஎஸ்ஐ (உங்கள் மீட்டரில் இருக்கும் பிரஷர் அலகு), ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, 10 முதல் 25. நீங்கள் கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். போன வருஷம் இதே சிக்னலில் 20 காட்டியிருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு விஷயம் புரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். ஆயில் பம்ப் தருவது ஓட்டத்தை மட்டும்தான், பிரஷரை இல்லை. ஓடுகிற எண்ணெயை, சுற்றும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளின் இடுக்குகள் எவ்வளவு மறிக்கின்றன என்பதைத்தான் மீட்டர் காட்டுகிறது. தோட்டத்து ஓஸ் பைப் நுனியை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுமே, அது மாதிரி. விரலை எடுத்தால் தண்ணீர் அதே அளவுதான் வரும், சீற்றம் போய்விடும். பேரிங் தேய்ந்தால் விரல் விலகுகிறது என்று அர்த்தம். இடைவெளி இரண்டு மடங்கானால் அதன் வழியே ஒழுகிப்போகிற எண்ணெய் கிட்டத்தட்ட எட்டு மடங்காகும், அதனால்தான் பிரஷர் பல வருஷம் மெதுவாக இறங்கிவிட்டு ஒரு கட்டத்தில் மடமடவென்று சரிகிறது.

சூடு ஏறினால் எண்ணெய் இளகும், இதுவும் சாதாரணம். 20டபிள்யூ-50 ஆயில் 40 டிகிரியில், அதாவது நம்மூர் மே மாத மத்தியானத்தில், 100 டிகிரியில் இருப்பதைவிட எட்டு ஒன்பது மடங்கு கெட்டி. காலையில் 60 வருவதும், கடலூரிலிருந்து வெயிலில் ஓடிவந்து ரெட்டிச்சாவடி, அரியாங்குப்பம் நெரிசலில் வெந்த எஞ்சின் சிக்னலில் 12-க்கு வருவதும் இதனால்தான். இந்த எஞ்சினில் ஆயில் பம்ப், வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றுகிறது, அதாவது எஞ்சின் வேகத்தில் பாதி. ஐடிலிங்கை மிகவும் குறைத்து வைத்திருந்தால் பம்பும் சோம்பிவிடும், அதனால் முதலில் கார்புரேட்டர் ஸ்க்ரூவைப் பாருங்கள், செலவில்லாத வேலை.

சரி, ஆயில். 20டபிள்யூ-வில் உள்ள 20 குளிருக்கான எண், மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரியில் வைத்துச் சோதிக்கிறார்கள். நமக்கு மார்கழி விடியற்காலையே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், ஆகவே 5டபிள்யூ-வுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை. பின்னால் வருகிற 50தான் சூட்டில் பேசுகிற எண். 30 போட்டால் உங்கள் 12 இன்னும் கீழே போகும். இன்னொன்று, இந்த எஞ்சினில் கேமும் அது தள்ளுகிற டாப்பெட்டும் உரசிக்கொண்டே ஓடுகின்றன, நடுவில் ரோலர் கிடையாது. அந்த உரசலைத் தாங்குவது ஆயிலில் கலக்கும் ஜிங்க்-பாஸ்பரஸ் மருந்து. புதிய கார்களின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற 2004-இல் வந்த எஸ்எம் என்கிற ஆயில் தரத்திலிருந்து 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் அடக்கிவிட்டார்கள். 20டபிள்யூ-50க்கு அந்த உச்சவரம்பு இல்லை. மச்சானின் ஆயில் நல்ல ஆயில்தான், அவர் காருக்கு.

அதற்காக இன்னும் கெட்டியாக ஏதாவது வேண்டும் என்று 'ஆயில் ட்ரீட்மென்ட்' டப்பாவைக் கவிழ்க்க வேண்டாம். மீட்டர் முள் ஏறும், மனசு குளிரும், தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியே இருக்கும். பிரஷர் அளவு மீறினால் திறந்துவிடுகிற ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்கு வாஷர் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்: ஐடிலிங்கில் அந்த வால்வு மூடித்தான் இருக்கும், வாஷர் போட்டால் உயருவது மேல் பிரஷர் மட்டும். வால்வின் இருக்கையில் தூசு சிக்கி மூடாமல் இருந்தால் கதை வேறு, அப்போது ஐடிலிங் பிரஷரும் விழும். கழற்றித் துடைத்துப் பார்க்கலாம், எஞ்சின் பிளாக்கின் இடது பின்பக்கம் குமிழ் மாதிரி நட்டுக்கு உள்ளே இருக்கிறது.

அப்புறம் டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஃப்யூவல் பம்ப் டயாஃப்ரம் கிழிந்திருந்தாலோ சோக் முழுசாக விடாமல் நின்றாலோ பெட்ரோல் எஞ்சின் அடியில் ஆயில் நிற்கிற சம்புக்குள் இறங்கி ஆயிலைத் தண்ணியாக்கிவிடும். வாசனையும் வரும், அளவும் ஊற்றாமலே ஏறியிருக்கும். கடலூருக்குள்ளேயே பால், காய்கறி என்று சின்னச் சின்ன ஓட்டம் ஓட்டுகிறவர்களுக்கு இது அதிகம். அப்படி இருந்தால் ஃப்யூவல் பம்பையோ சோக்கையோ சரிசெய்த பிறகுதான் புது ஆயில். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

மீட்டரையும் முழுக்க நம்பாதீர்கள். எலக்ட்ரிக் மீட்டராக இருந்தால் எஞ்சினில் பிரஷரை உணர்ந்து மீட்டருக்கு அனுப்புகிற யூனிட் வயசாகிப் பொய் சொல்லும், சின்னக் குழாய் வழியே ஆயிலே நேரடியாகப் போகும் மெக்கானிக்கல் கேஜை ஒருநாள் மாட்டி அதே சிக்னலில் பாருங்கள். புது ஃபில்டர் போட்டு முதல் ஸ்டார்ட்டில் சில விநாடி முள் எழாது, அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டாம். வண்டி ரோட்டில் ஓடும்போது திடீரென்று 15, 10 என்று விழுந்தால் ஓரம் கட்டி உடனே அணைத்துவிடுங்கள், வீடு வரை போய்ப் பார்க்கலாம் என்கிற பேச்சே வேண்டாம்.

நல்ல கேஜிலும், புது ஆயிலிலும், சரியான ஐடிலிங்கிலும் 10-க்குக் கீழே வந்தால் சம்பை இறக்கச் சொல்லுங்கள். பம்ப் ஆயிலை உறிஞ்சும் இடத்து வலையான ஸ்ட்ரெய்னரில் கசடு அடைத்திருக்கிறதா, பம்ப் தேய்ந்திருக்கிறதா, பேரிங் ஷெல்லில் செம்பு நிறம் தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். செம்பு தெரிந்தால் ஷெல்லை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிட வேண்டாம், பேரிங்குக்குள் சுற்றுகிற கிராங்க் ஷாஃப்ட் பகுதியை (ஜர்னல்) மைக்ரோமீட்டர் வைத்து அளந்து அந்த அளவுக்கு ஏற்ற ஷெல்தான் போட வேண்டும்.